பேராதனைச் சந்தியும் இணையமும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதத்தில் செல்லும் ஒருவர் நேரே வடக்கு நோக்கிப் போவதில்லை. முதலில் தென்மேற்கே பேராதனைச் சந்திக்கு வந்து, கடுகண்ணாவை மலைச்சரிவில் இறங்கி, ரம்புக்கனையைக் கடந்து, பொல்கஹவெலையை அடைந்த பின்னரே அவருடைய பயணம் வடக்கே திரும்புகிறது. பேராதனையிலுள்ள நிலைய அதிபர் யாழ்ப்பாணம் வரையுள்ள ஒவ்வொரு வளைவையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. தம்முன் வந்து நிற்கும் வண்டி கண்டிப் பக்கம் போவதா, கம்பளைப் பக்கம் போவதா, கொழும்புப் பக்கம் போவதா என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். எஞ்சியதைப் பொல்கஹவெலை பார்த்துக்கொள்ளும். அதற்கப்பால் மாகோ பார்த்துக்கொள்ளும்.

இணையம் என்று இன்று உலகமெங்கும் வழங்கும் வலையமைப்பின் இரகசியத்தில் பாதி இந்தச் சந்தியிலேயே அடங்கியிருக்கிறது. மற்றப் பாதி தபாற் கந்தோரில் இருக்கிறது.

கையிலுள்ள தொலைபேசியில் கம்பி எதுவும் தொங்காமையால், இணையம் ஆகாயத்தில் எங்கோ இருக்கிறதென்று எண்ணுவோர் பலர். செய்திகளும் படங்களும் "மேகத்தில்" சேமிக்கப்படுகின்றன என்று வியாபாரிகள் பேசுவதும் இந்த மயக்கத்தை வளர்த்துவிட்டது. உண்மை யாதெனில், கையிலுள்ள கருவிக்கும் அருகிலுள்ள கோபுரத்துக்கும் இடைப்பட்ட சிறு தொலைவை மட்டுமே செய்தி காற்றில் கடக்கிறது. அக்கோபுரத்துக்கு அப்பால், பெரும்பாலும் அது வீதியோரத்தில் புதைத்த குழாயிலோ கம்பங்களின் மேலோ செல்லும் தலைமயிர் போன்ற கண்ணாடி இழைக்குள், ஒளித்துடிப்பாக ஓடுகிறது. இழைக்குள் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர். கண்டியிலிருந்து கொழும்பு சேர அதற்கு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

இனி, அவ்வாறு ஓடுவது எது என்பதைப் பார்ப்போம். பழைய தொலைபேசி முறையில், ஒருவர் மற்றொருவரோடு பேசத் தொடங்கியதும் அவ்விருவருக்குமென ஒரு பாதை ஒதுக்கப்பட்டது. அவர்கள் பேசினாலும் பேசாதிருந்தாலும், வாங்கியை வைக்கும் வரை அப்பாதை அவர்களுக்கே உரியது. முழு வீதியையும் ஒரு மாட்டுவண்டிக்காக மறித்து வைப்பதைப் போன்றதே அது. 1960களில் அமெரிக்காவில் போல் பேரன் என்பவரும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே, வேறொரு வழியைச் சிந்தித்தனர். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டுக. ஒவ்வொரு துண்டின் மேலும் சேரிடத்தின் முகவரியையும் வரிசை எண்ணையும் எழுதுக. பின்னர் அவற்றைப் பொது வீதியில் விட்டுவிடுக. இதுவே அவர்கள் கண்ட வழி. அத்துண்டுகளுக்குப் பொதிகள் என்று பெயர். 1969 ஒக்டோபர் 29ஆம் திகதி கலிபோர்னியாவில் இரு கணினிகள் இம்முறையில் முதன்முதல் பேசிக்கொண்டன. அனுப்ப நினைத்த சொல்லில் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி செயலிழந்துவிட்டது என்பது இந்த வரலாற்றின் சுவையான தொடக்கம்.

பொதி என்பது எவ்வளவு பெரியது? சாதாரணமாக 1500 எண்மங்களுக்கு மேல் அதில் இடமில்லை. கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். அவ்வெண்களைக் குறிக்கும் அளவே எண்மம். ஆங்கிலத்தில் கண்டி என்ற பெயரை எழுத 5 எண்மங்கள் போதும். தமிழில் எழுதினால் 15 வேண்டும். பரவலாக வழங்கும் குறியீட்டு முறையில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று எண்மங்களைப் பிடித்துக்கொள்கிறது. புள்ளிக்கும் விசிறிக்கும் தனித்தனியே இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் எழுத்தினால் வீதி நிறைவதில்லை. படங்களினாலும் காணொளியினாலுமே நிறைகிறது. கண்டியிலுள்ள ஓர் ஆசிரியர் கரும்பலகையை 3 இலட்சம் எண்மங்கள் கொண்ட படமாக எடுத்து நாவலப்பிட்டியிலுள்ள மாணவிக்கு அனுப்பினால், அது 200க்கு மேற்பட்ட பொதிகளாகப் பிரிந்து புறப்படுகிறது.

அந்த 200 பொதிகளும் ஒரே வழியில்தான் போகவேண்டுமென்ற நியதி இல்லை. இடையிலுள்ள ஒவ்வொரு சந்தியிலும் வழிப்படுத்தி என்னும் கருவி இருக்கிறது. வீடுகளில் சிறு விளக்குகள் மினுங்க மூலையில் கிடக்கும் "ரவுட்டர்" அதன் மிகச் சிறிய உறவினன். வழிப்படுத்தி, பொதியின் மேலுள்ள முகவரியைப் பார்க்கிறது. இந்த முகவரிக்கு இந்தத் திசை என்று தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்க்கிறது. அடுத்த சந்திக்குத் தள்ளிவிடுகிறது. பேராதனை நிலைய அதிபர் செய்வது இதுவேயன்றோ? இந்த வேலையைப் பெரிய வழிப்படுத்திகள் வினாடிக்குப் பல கோடி தடவை செய்கின்றன. வழியில் நெரிசல் மிகுந்தால், தாங்கமாட்டாத பொதிகளை அவை தயக்கமின்றிக் கைவிட்டும் விடுகின்றன.

கைவிடப்பட்ட பொதியின் கதி என்ன என்று கேட்கலாம். தபாற் கந்தோரின் பதிவுத் தபால் இங்கேதான் நினைவுக்கு வருகிறது. நாவலப்பிட்டியிலுள்ள தொலைபேசி, வந்த பொதிகளை எண் வரிசைப்படி அடுக்கி, பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புகையை அனுப்பிக்கொண்டே இருக்கும். 117ஆம் பொதிக்கு ஒப்புகை வராவிட்டால், அனுப்பிய முனை அதை மீண்டும் அனுப்பும். வீதி நம்பத்தகாதது, இரு முனைகளிலும் உள்ளவர்களே விழிப்பாக இருந்து பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வொழுங்கின் அடிப்படை. வின்ட் சேர்ஃப், பொப் கான் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட இந்த நெறிமுறையை, 1983 ஜனவரி முதலாம் நாள் அமெரிக்க ஆராய்ச்சி வலையமைப்பு முழுவதும் ஏற்றுக்கொண்டது. இணையம் என்பது ஒரு யந்திரமன்று, ஒரு நிறுவனமுமன்று. பல்லாயிரம் வலையமைப்புகள் இவ்வொழுங்கைக் கைக்கொள்வதாகச் செய்துகொண்ட உடன்பாடே அது.

முகவரி என்றதும் "கோட்டை வீதி, கண்டி" என்பதைப் போன்ற ஒன்றை எண்ணிவிடலாகாது. கணினிக்கு முகவரி ஓர் எண். பழைய ஒழுங்கில் அமைக்கக்கூடிய எண்கள் ஏறத்தாழ 429 கோடி மட்டுமே. உலகத்துக்கு அவை போதாமற் போகவே, நீண்ட எண்களைக் கொண்ட புதிய ஒழுங்கும் இன்று உடன் வழங்குகிறது. மனிதர் எண்களை நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகவே பெயர் வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் பேரேடு வேண்டும். ஆள்களப் பெயர் முறைமை என்னும் அப்பேரேடு 1983இல் உருவாயிற்று. இலங்கைக்குரிய "எல்.கே." என்னும் ஈற்றுப் பெயர் 1990இல் பதிவாயிற்று. 2010ஆம் ஆண்டில் ".இலங்கை" என்று தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும், சிங்கள எழுத்தில் முடியும் பெயர்களுக்கும் இடம் கிடைத்தது. தமிழில் முகவரி எழுதலாம் என்பதை அறியாத தமிழரே இன்னும் பெரும்பாலோர் என்பது வருந்தத்தக்கது.

இலங்கையில் இதற்கு வித்திட்டது பல்கலைக்கழக உலகம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால் 1990ஆம் ஆண்டளவில் கல்விமான்களுக்கிடையே மின்னஞ்சல் ஓடத் தொடங்கிற்று. 1994இல் மொறட்டுவை, கொழும்பு, திறந்த பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் ஒரே வலையமைப்பாக இணைந்தன. பொதுமக்கள் பணம் கொடுத்து இணைப்புப் பெறும் வசதி 1995இல் வந்தது. "லேர்ன்" என்று வழங்கும் அந்தக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் செயலகம் இன்று பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. மகாவலிக் கரையில், புகையிரதச் சந்திக்குச் சற்றுத் தொலைவிலேயே இந்த இரண்டாவது சந்தியும் அமைந்தது தற்செயலே.

கண்டி ஆசிரியரின் படத்துக்கு மீண்டும் வருவோம். அனுப்புபவர் கண்டியில், பெறுபவர் நாவலப்பிட்டியில். இடைத்தூரம் ஒரு மணி நேரச் சொச்சப் பயணம். ஆயினும் அந்தப் படம் போகும் வழி மிக நீண்டதாக இருக்கலாம். செய்தியைப் பெற்றுக் கைமாற்றும் கணினிக்குச் சேவையகம் என்று பெயர். அது வேறொரு நாட்டில் இருக்குமாயின், கண்டியில் எடுத்த படம் கொழும்புக்கு இறங்கி, கடல் தாண்டிச் சென்று, மீண்டும் கடல் தாண்டி வந்து, மலையேறி நாவலப்பிட்டி சேரும். இதனால் கடலடி வடம் என்பது வெளிநாட்டுக்குப் பேசுவோருக்கு மட்டும் உரிய விஷயமன்று என்பது விளங்கும். 2004 ஆகஸ்ட் மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியபோது, நாடு முழுவதும் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெரிதும் முடங்கின. எத்தனை சந்திகள் இருந்தென்ன? ஊரை விட்டு வெளியேறும் பாலம் ஒன்றேயானால், அது விழும்போது எல்லாச் சந்திகளும் வெறுமையாகிவிடுகின்றன. அதன்பின் நாட்டின் கரையை அடைந்த வடங்கள் பெருகின. 2016இல் நிறைவுற்ற ஐந்தாம் தென்கிழக்காசிய–மேற்கைரோப்பிய வடம் மாத்தறையில் கரையேறுகிறது.

நங்கூரம் வடத்தை அறுத்தது. ஆனால் எதையும் அறுக்காமலே இணையத்தை நிறுத்த முடியும். கண்டி மக்கள் இதனை 2018இல் கண்டனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் திகனை, தெல்தெனியைப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்பைத் தூண்டும் செய்திகள் பேஸ்புக் முதலியவற்றின் வழியே பரவுகின்றன என்ற காரணத்தால், மார்ச் 7ஆம் நாள் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றுக்கு நாடெங்கும் அரசாங்கம் தடை விதித்தது. ஏறத்தாழ ஒரு வாரம் அது நீடித்தது.

அந்தத் தடை எங்ஙனம் நடைமுறைக்கு வந்தது? பேஸ்புக்கின் கணினிகளில் ஒன்றையேனும் எவரும் தொடவில்லை. அவை இலங்கைச் சட்டத்துக்கு எட்டாத தொலைவில் இருந்தன. இத்தகைய தடை இணைப்பு வழங்கும் கம்பனிகளின் சந்திகளில் நிகழ்வது. பேரேட்டில் ஒரு பெயரைக் கேட்டால் எண்ணைத் தர மறுக்கலாம். அல்லது அந்த எண்ணை முகவரியாகத் தாங்கிவரும் பொதிகளை வழிப்படுத்தி கீழே போட்டுவிடலாம். வாட்ஸ்அப் செய்தி அனுப்புபவரிடமே பூட்டப்பட்டுப் பெறுபவரிடமே திறக்கப்படுவது. இடையிலுள்ளவருக்கு அதன் உள்ளடக்கம் தெரியாது. ஆனால் உறையின் மேலுள்ள முகவரியைப் பூட்டி வைக்க முடியாது. அதைப் பூட்டினால் தபாற்காரருக்கு வழி தெரியாது. ஆகவே நல்ல கடிதத்தையும் தீய கடிதத்தையும் பிரித்தறிய வழியின்றி, ஒரு முகவரிக்குப் போகும் கடிதங்கள் யாவும் ஒருங்கே நிறுத்தப்படுகின்றன. வதந்தி நின்றது எவ்வளவோ, மத்திய கிழக்கில் தொழில் செய்யும் தாயிடம் "இங்கே எல்லோரும் நலம்" என்று சொல்லும் வழியும் அவ்வளவு நின்றது. இளைஞர் பலர் உறைக்குள் உறை வைக்கும் உபாயத்தைக் கைக்கொண்டனர். வெளியுறையில் வேறொரு நாட்டுக் கணினியின் முகவரி இருக்கும். உண்மையான முகவரி உள்ளுறையில் மறைந்திருக்கும். அங்கே வெளியுறை கிழிக்கப்பட்டு, உள்ளுறை தன் வழியே போகும். தடையை இவ்வாறு தாண்டியவர்களுள் நல்லவரும் இருந்திருப்பர், மற்றவரும் இருந்திருப்பர். அந்நாட்களில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வருத்தம் தெரிவித்தது.

மூடுவதற்கு உதவிய அதே முகவரி திறப்பதற்கும் உதவிற்று. 2020 மார்ச் மாதத்தில் கொள்ளைநோயால் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, பல்கலைக்கழக மாணவர்கள் "லேர்ன்" வலையமைப்பின் உதவியோடு இணையவழியில் விரிவுரை கேட்டனர். பல்கலைக்கழகச் சேவையகங்களுக்குச் செல்லும் பொதிகளுக்குக் கட்டணம் அறவிடாமலிருக்கத் தொலைத்தொடர்புக் கம்பனிகள் இணங்கின. பொதியின் மேல் முகவரி எழுதியிருப்பதால் எது பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, எது திரைப்படம் பார்க்கப் போகிறது என்று கணக்கெடுக்கும் யந்திரத்துக்குத் தெரியும். முன்னதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எளிது. மனமிருந்தால் செய்யத்தக்க காரியம் அது, செய்தும் காட்டினர்.

பாடசாலைப் பிள்ளைகளின் நிலை வேறு. ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளைப் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியே அனுப்பினர். அதற்குத் தொலைபேசி வேண்டும். "ரீலோட்" போடக் காசு வேண்டும். தோட்டத்து லயன் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தந்தையார் வேலைக்குக் கொண்டுபோய்விட்டு மாலையில் திரும்பக் கொண்டுவருவது. இவையெல்லாம் இருந்தும், சமிக்ஞை கிடைக்காதோர் எத்தனையோ பேர். மலைநாட்டில் பிள்ளைகள் பாறைகளின் மேலும் மேட்டுநிலங்களிலும் ஏறி நின்று பாடம் பெற்ற காட்சியைப் பத்திரிகைகள் அந்நாட்களில் வெளியிட்டன.

அவர்கள் ஏன் மேட்டில் ஏறினர்? கைத்தொலைபேசி பயன்படுத்தும் வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. ஒளிக்கு நிழல் உண்டாவது போலவே அவற்றுக்கும் மலையின் பின்னே நிழல் உண்டு. கோபுரம் ஹந்தானை மலைத்தொடரின் ஒரு பக்கத்தில் இருந்தால், மறுபக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள வீடு அந்த நிழலில் விழுகிறது. நேர்த்தூரம் இரண்டு கிலோமீற்றராக இருந்தாலும் பயனில்லை. சமவெளியில் ஒரு கோபுரம் பரந்த வட்டத்துக்குப் பயன்படும். மலைநாட்டில் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்று வேண்டும். ஒரு மடிப்பில் வாழும் குடும்பங்களோ சில நூறு; அவர்கள் கொடுக்கக்கூடிய பணமும் சிறிது. கம்பனியின் கணக்கில் அந்த மடிப்பு பின்தள்ளப்படுவது இதனாலேயே. கடலுக்கடியில் ஆயிரமாயிரம் கிலோமீற்றர் தடையின்றி ஓடிவந்த பொதி, கடைசி இரண்டு கிலோமீற்றரில் வழிதெரியாது நின்றுவிடுகிறது. இக்குறை விஞ்ஞானத்தின் குறையன்று. செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை காணாத குறை.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனித்திருக்கலாம். மத்திய அலையில் வந்த வானொலி, அந்தப் பள்ளத்தாக்கு வீடுகளிலும் ஒலித்தது. அதன் நீண்ட அலைகள் மலையை அணைத்து வளைந்து வரக்கூடியவை. அன்றியும், வானொலிக்கு முகவரி கிடையாது. ஆயிரம் பேர் கேட்டாலும் இலட்சம் பேர் கேட்டாலும் நிலையத்திலிருந்து புறப்படுவது ஒரே அலைதான். யார் கேட்கிறார் என்பது நிலையத்துக்குத் தெரியாது. இணையத்திலோ பொதுவாக ஒவ்வொரு நேயருக்கும் அவரவர் முகவரி எழுதிய தனித்தனிப் பொதிகள் போகவேண்டும். ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் மடங்கு பாரம். இணையத்தில் நேயர் திருப்பிக் கேள்வி கேட்கலாம். வானொலியில் அது இயலாது.

இவ்விரண்டையும் ஒன்றாக முடிந்து பார்த்த முயற்சி ஒன்று கம்பளைக்கு அண்மையில் நடந்தது. மகாவலித் திட்டக் காலத்தில் எழுந்த கொத்மலைச் சமுதாய வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிலையம், 1989இல் தொடங்கியது. 1990களின் இறுதியில், கிராமத்தில் கணினியைக் கண்டவரே அரிதாக இருந்த காலத்தில், யுனெஸ்கோவின் ஆதரவோடு அந்நிலையத்துக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. நேயர்கள் தங்கள் கேள்விகளைக் கடிதம் வாயிலாகவும் தொலைபேசி வாயிலாகவும் நிலையத்துக்கு அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடையைத் தேடுவார். வைத்தியர் போன்ற துறையறிந்த ஒருவர் உடனிருந்து, பிறமொழியில் கிடைத்த விஷயத்தை ஊர் மக்களுக்கு விளங்கும்படி எடுத்துரைப்பார். அது அலையில் ஏறிப் பள்ளத்தாக்கெங்கும் பரவும். நேரில் வந்து கணினியைத் தொட்டுப் பார்க்க விரும்பியோருக்காகக் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொதுநூலகங்களில் வசதி செய்யப்பட்டது. ஒருவர் கேட்ட கேள்விக்கு இணையத்தில் வந்த பொதிகள் ஒரே முகவரிக்குத்தான் வந்தன. விடையோ வானொலிப் பெட்டி இருந்த வீடுகளுக்கெல்லாம் போயிற்று. உலகின் பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்து அந்தச் சிறு நிலையத்தைப் பார்த்துச் சென்றனர்.

இன்று வானொலியே இணையத்திலும் வருகிறது. ஒரே வீட்டில் சமையலறையில் வானொலிப் பெட்டியும் முன்னறையில் தொலைபேசியும் ஒரே நிலையத்துக்குத் திறந்திருந்தால், செய்தி நேரத்து மணியொலி சமையலறையில் முதலில் கேட்கும். முன்னறையில் சில வினாடிகள் பிந்தியே கேட்கும். ஒலியைத் துண்டுகளாக்கி அனுப்புவதிலும் சிறிது தாமதம் உண்டு; தொலைபேசியும் வந்த பொதிகளை உடனே ஒலிப்பதில்லை. பிந்தி வருபவற்றுக்காகச் சில வினாடி காத்திருந்து, எண் வரிசைப்படி அடுக்கி, போதிய பொதிகள் கைவசம் சேர்ந்த பின்னரே அது பேசத் தொடங்குகிறது.